கிதாரின் தலை ஏன் முறிகிறது?

ஒரே மரத்துண்டில் செதுக்கிய பொருள் உறுதியானதா, அல்லது இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்த பொருள் உறுதியானதா? பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் ‘ஒரே மரம்தான்’ என்பார்கள். ஒரே பலாமரத்தில் குடைந்த வீணைக்கு நம்மிடம் தனி மதிப்பு உண்டல்லவா? இயற்பியல் ஆசிரியனான நானும் நெடுங்காலம் அந்த ஒன்பது பேரில் ஒருவனாகவே இருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஓர் உடைந்த கிதார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரி ஆண்டு விழாவுக்கு நான்கு நாட்கள் இருந்தபோது, முதலாண்டு மாணவன் ஒருவன் அண்ணனிடம் இரவல் வாங்கி வந்த கிதாரை நாற்காலியில் சாய்த்து வைத்தான். அது சரிந்து மல்லாந்து விழுந்தது. பெட்டி போன்ற உடலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தலைப்பலகை கழுத்திலிருந்து பிளந்து, கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. சோனாமீட்டர் சோதனை நடத்துபவன் நான் என்பதால் பையன் அதை என்னிடம் தூக்கி வந்தான். “சார், ஒட்டினா நிக்குமா?” என்று கேட்டான். “நிற்காது. கழுத்தையே மாற்ற வேண்டும்” என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். அந்தச் செலவு கிதாரின் விலையையே எட்டும் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. நான் சொன்னது தவறு. ஏன் தவறு என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில், கம்பிகள் எவ்வளவு விசையுடன் இழுக்கின்றன என்று கணக்கிடுவோம். சோனாமீட்டர் பாடத்தில் படித்த வாய்பாடே போதும். கம்பியின் நீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கி, இரட்டித்து, அந்தத் தொகையை வர்க்கப்படுத்தி, ஒரு மீட்டர் கம்பியின் நிறையால் பெருக்கினால் இழுவிசை கிடைக்கும். எஃகுக் கம்பி கிதாரின் மிக மெல்லிய கம்பியை எடுத்துக்கொள்வோம். விட்டம் சுமார் 0.3 மி.மீ.; அதிரும் நீளம் 64.5 செ.மீ.; அதிர்வெண் 330 ஹெர்ட்ஸ்; ஒரு மீட்டர் கம்பியின் நிறை 0.57 கிராம். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 103 நியூட்டன் வரும். அதாவது பத்தரை கிலோகிராம் எடையை அந்த மயிரிழைக் கம்பியில் தொங்கவிட்டதற்குச் சமம். ஆறு கம்பிகளும் சேர்ந்தால் சுமார் 70 கிலோகிராம் எடை. ஒரு பெரிய மனிதர் இரவும் பகலும் அந்தத் தலைப்பலகையைப் பிடித்துத் தொங்குவது போன்ற நிலை அது. நைலான் கம்பி பூட்டிய கிதாரில் இது பாதிக்குச் சற்று மேல் இருக்கும்.

அப்படியானால் தலைப்பலகையைக் கழுத்தோடு ஒரே நேர்கோட்டில் வைத்துவிட வேண்டியதுதானே? பெரும்பாலான கிதார்களில் அது பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் எலும்பால் ஆன ஒரு சிறு பட்டை இருக்கும். அதை ‘நட்’ என்பார்கள். கம்பியின் அதிர்வு அங்கேதான் முடிய வேண்டும். கம்பி அதன்மேல் அழுந்தி உட்கார்ந்தால்தான் ஒலி தெளிவாக இருக்கும். இல்லாவிட்டால் கம்பி தன் பள்ளத்தில் ஆடிச் சலசலக்கும். தலை 15 பாகை சாய்ந்திருந்தால், கம்பியின் இழுவிசையில் சுமார் 26 சதவீதம் நட்டைக் கீழே அழுத்தும் விசையாகிறது. மொத்தத்தில் 18 கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம். இசைக்கு இந்தச் சாய்வு நல்லது. மரத்துக்கு அப்படி இல்லை.

காரணம், மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே வலிமை உள்ள பொருள் அன்று. விறகு பிளப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடரியை நார்களுக்கு இணையாக இறக்கினால் கட்டை இரண்டாகப் பிளக்கிறது. குறுக்கே வெட்டினால் கை வலிக்கிறது. மரம் என்பது பல்லாயிரம் நுண்குழல்களை ஒன்றாக அடுக்கி, லிக்னின் என்னும் பொருளால் பிணைத்த ஒரு கட்டு. நாரின் நீளவாக்கில் இழுத்தால் குழல்களின் சுவர்களே அறுபட வேண்டும். நாருக்குக் குறுக்கே இழுத்தாலோ பிணைப்பு விட்டால் போதும். இரண்டு வலிமைகளுக்கும் உள்ள விகிதம் பல மரங்களில் பத்து முதல் இருபது மடங்கு வரை இருக்கும்.

விசை நாருக்கு இணையாகவும் இல்லாமல், குறுக்காகவும் இல்லாமல், சாய்வாக இருந்தால்? இதற்கு ஹாங்கின்சன் என்பவர் 1921 இல் தந்த ஓர் எளிய சூத்திரம் இன்றும் மரப் பொறியியலில் பயன்படுகிறது. நீளவாட்டு வலிமையையும் குறுக்கு வலிமையையும் பெருக்கிக்கொள்ளுங்கள். நீளவாட்டு வலிமையைக் கோணத்தின் சைன் வர்க்கத்தாலும், குறுக்கு வலிமையைக் கோசைன் வர்க்கத்தாலும் பெருக்கிக் கூட்டுங்கள். முதல் தொகையை இரண்டாவதால் வகுத்தால், அந்தக் கோணத்தில் மரத்தின் வலிமை கிடைக்கும். விகிதம் 15 மடங்கு என்று வைத்து 15 பாகைக்குக் கணக்கிட்டால், வலிமை 52 சதவீதமாகக் குறைந்துவிடும். சின்னஞ்சிறு சாய்வுதான், வலிமையில் பாதி போய்விடுகிறது!

இப்போது ஒரே மரத்தில் செதுக்கிய கழுத்தை மனக்கண்ணில் பாருங்கள். நார்கள் கழுத்தின் நெடுக நேராக ஓடி வருகின்றன. தலை தொடங்கும் இடத்தில் நாம் மரத்தைச் சாய்வாகச் செதுக்கிவிட்டோம். நார்களுக்கு இது தெரியாது. அவை தம் போக்கில் நேராகவே சென்று, தலைப்பலகையின் முன்முகத்தில் அறுபட்டு முடிகின்றன. தலைப்பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுமையாக ஓடும் நார் அந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சாய்ந்த குட்டை நார்கள். போதாக்குறைக்கு, கழுத்தில் 20 மி.மீ. இருந்த தடிமன் தலையில் 14 மி.மீ. ஆகிவிடுகிறது. வளைவைத் தாங்கும் வலிமை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அங்கேயும் ஒரு பாதி போய்விட்டது. எஃகுக் கம்பி கிதார்களில் கழுத்தை நேராக்க உள்ளே ஓர் இரும்புத் தண்டு பதிப்பார்கள். அதற்கான பள்ளமும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வாய் திறக்கிறது.

பையனின் கிதார் விழுந்த கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கம்பிகளின் 700 நியூட்டன் இழுவிசை, தலை மரத்தின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 15 மி.மீ. உயரத்தில் செயல்படுகிறது. அதன் திருப்புத் திறன் சுமார் 10 நியூட்டன் மீட்டர். இதை மரம் ஆண்டுக்கணக்கில் தாங்கும். கிதார் மல்லாந்து விழும்போது, பின்னால் சாய்ந்த தலையின் நுனி தரையில் மோதுகிறது. தரை ஒரு கணம் 300 நியூட்டன் விசையை எதிர்ப்பாகத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நுனிக்கும் நட்டுக்கும் இடையே 16 செ.மீ.; ஆகவே 48 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. இரண்டும் தலையை முன்பக்கம் வளைக்கும் திசையிலேயே செயல்படுவதால் மொத்தம் 58. தலையின் அகலம் 45 மி.மீ., தடிமன் 14 மி.மீ. வளைவுத் தகைவு என்பது திருப்புத் திறனின் ஆறு மடங்கை, அகலத்தாலும் தடிமனின் வர்க்கத்தாலும் வகுத்தால் வருவது. விடை, சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 40 நியூட்டன்.

மகோகனி மரம் நார் நேராக இருந்தால் சுமார் 80 வரை தாங்கும். நார் சாய்ந்திருந்தால் அதில் பாதி, 40. மரம் எல்லையில் நிற்கிறது. பள்ளத்துக்காகத் தோண்டி எடுத்த மரத்தையும் கணக்கில் சேர்த்தால் எல்லையைத் தாண்டிவிடுகிறது. இது தோராயக் கணக்குதான். ஆனால் எங்கே, ஏன் முறிகிறது என்பதை இதுவே காட்டிவிடுகிறது.

அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் தன் கிதார்களில் 17 பாகைச் சாய்வை நெடுங்காலம் வைத்திருந்தது. 1960களின் நடுவில் அதை 14 பாகையாகக் குறைத்தது. நம் சூத்திரத்தில் இரண்டையும் இட்டுப் பாருங்கள். 46 சதவீதம் 55 சதவீதமாக உயர்வது தெரியும். லியோ ஃபெண்டர் 1950 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கிதாரில் வழியையே மாற்றினார்: தலைக்குச் சாய்வே வேண்டாம், முன்முகத்தைச் சற்றுக் கீழிறக்கினால் போதும் என்றார். நார்கள் நேராகத் தலைக்குள் ஓடின, சிக்கல் தீர்ந்தது. ஆனால் தொலைவிலுள்ள மெல்லிய கம்பிகள் நட்டின்மேல் அழுந்தாததால், அவற்றைக் கீழே பிடித்து அழுத்த ஒரு சிறு உலோகக் கொக்கி தேவைப்பட்டது. ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது.

சாய்வும் வேண்டும், நேரான நாரும் வேண்டும் என்றால் என்ன செய்வது? அதற்கு ஒரே வழிதான் உண்டு. தலையைத் தனித் துண்டாக, நார் தலையின் நெடுக ஓடும்படி எடுத்து, கழுத்தோடு இணைக்க வேண்டும். இதைச் சாய்வு ஒட்டு என்று சொல்வோம். கைரம்பமும் இழைப்புளியும் போதும். அதன் வடிவியல் மிக அழகானது. படிப்பதைவிடச் செய்து பார்ப்பது எளிது. 2 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள ஓர் அட்டைப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது கழுத்து மரத்தின் பக்கத் தோற்றம். மேல்விளிம்பை விரற்பலகை ஒட்டும் பக்கமாகக் கொள்ளுங்கள். வலது முனையிலிருந்து 18 செ.மீ. தள்றி மேல்விளிம்பில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து வலப்புறமாகக் கீழிறங்கும் 15 பாகைக் கோடு வரைந்து வெட்டுங்கள். இடப்பக்கத் துண்டு கழுத்து. அதன் முனையில் கீழிறங்கும் சரிவு இருக்கும். வலப்பக்கத் துண்டு தலை. தலையைத் தலைகீழாகப் புரட்டி, இப்போது அடியில் உள்ள அதன் நீண்ட விளிம்பைக் கழுத்தின் சரிவின்மேல் உட்கார வையுங்கள். கூர்முனையைச் சரிவின் உச்சிக்கு நகர்த்துங்கள். என்ன பார்க்கிறீர்கள்? தலை சரியாக 15 பாகை சாய்ந்துவிட்டது. அதன் வெட்டுமுகம் கழுத்தின் மேல்விளிம்போடு ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டது. ஒரே ஒரு வெட்டில், கோணம் தானாகவே இரண்டு இடங்களிலும் பொருந்திவிட்டது!

மரத்தில் செய்யும்போது தச்சர்கள் இன்னொரு நுட்பத்தையும் கையாளுகிறார்கள். அறுத்த இரு துண்டுகளையும், அவற்றின் சரிவுகள் ஒரே நீண்ட சரிவாகத் தொடரும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிடித்து, இரண்டையும் சேர்த்தே இழைக்கிறார்கள். மெல்லிய கூர்முனை இழைப்புளியில் பிய்ந்துபோகாமல் கீழிருக்கும் துண்டு தாங்குகிறது. கோணம் 15 பாகைக்குப் பதில் பதினைந்தரையாக அமைந்தால் குடி முழுகிவிடாது; காது அதைக் கண்டுபிடிக்காது. ஆனால் சரிவு அகலவாட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தால் தலை முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே மூலைமட்டத்தை அகலவாட்டில் வைத்து வைத்துப் பார்க்க வேண்டும். இரு முகங்களையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எங்கும் ஒளி கசியக் கூடாது. ஒட்டும்போது இன்னொரு தொல்லை: பசை தடவிய சரிவு வழுவழுப்பான சறுக்குமரம் போலாகிவிடும், கிளாம்பை முறுக்க முறுக்கத் துண்டு நழுவும். கழித்துவிடப்போகும் ஓரத்தில் ஒரு சிறு ஆணி அடித்து நிறுத்துவது வழக்கம்.

இங்கே புத்தியுள்ள மாணவன் ஒருவன் எழுந்து, “சார், ஒட்டின தளமும் 15 பாகையிலதானே இருக்கு? அப்போ பலவீனம் அப்படியே இருக்குமே!” என்று கேட்க வேண்டும். மிக நியாயமான கேள்வி. இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, இடம். ஒரே மரக் கழுத்தில் பலவீனமான தளம் ஒன்றல்ல. தலை முழுவதும் அடுக்கடுக்காக உள்ளது. மிக மெல்லிய இடத்தைத் தேர்ந்தெடுத்து விரிசல் புறப்படலாம். சாய்வு ஒட்டில் அப்படிப்பட்ட தளம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மெல்லிய தலையில் இல்லை. நட்டுக்கு இப்பால், 20 மி.மீ. தடிமனுள்ள கழுத்துக்குள், மேலே 6 மி.மீ. விரற்பலகையும் ஒட்டி மூடிய இடத்தில் இருக்கிறது. 26 இன் வர்க்கத்தை 14 இன் வர்க்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ மூன்றரை. ஆக, அதே வீழ்ச்சியில் அங்கே ஏற்படும் தகைவு 40 அல்ல; சுமார் 12 தான்.

இரண்டாவது, விசை பிரியும் விதம். அந்த 12 நியூட்டனும் ஒட்டை நேராகப் பிய்ப்பதில்லை. சாய்ந்த தளத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. தளத்துக்குச் செங்குத்தாகப் பிரிக்கும் பகுதி, 15 பாகையின் சைன் வர்க்க மடங்கு. அதாவது 7 சதவீதம், ஒரு நியூட்டன்கூட இல்லை. தளத்தின் வழியே சறுக்க வைக்கும் பகுதி, சைனையும் கோசைனையும் பெருக்கியது. அதாவது 25 சதவீதம், 3 நியூட்டன். நல்ல பசை சறுக்கலைத் தாங்குவதில் கெட்டிக்காரன். மகோகனி மரமே தாங்கும் 8 நியூட்டன் அளவுக்கு அதுவும் தாங்கும். பசைப் பரப்பும் நிறைய கிடைக்கிறது: 20 மி.மீ. தடிமனை நேர்க்குறுக்காக வெட்டி ஒட்டினால் ஒட்டின் நீளம் 20 மி.மீ. தான், 15 பாகைச் சாய்வில் அது 77 மி.மீ.

நேர்க்குறுக்கு வெட்டில் இன்னொரு குறையும் உண்டு. அந்த முகத்தில் நுண்குழல்களின் வாய்கள் திறந்திருக்கும். தடவிய பசையை அவை உறிஞ்சிவிட, இடையில் பசையே இல்லாமல் போகும். ஒரு கட்டு வைக்கோலின் முனைகளை இன்னொரு கட்டின் முனைகளோடு ஒட்டிப் பாருங்கள், பிறகு பக்கவாட்டில் ஒட்டிப் பாருங்கள், வேறுபாடு புரியும்.

சாய்வு ஒட்டைவிடக் கடினமானது ‘வி’ வடிவ இணைப்பு. ஒரு துண்டில் கூரான நாக்கும், மற்றதில் அதே வடிவப் பள்ளமும் உளியாலும் ரம்பத்தாலும் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை இறக்குவார்கள். நாக்கின் இரு பக்கச் சுவர்களும் பலகையின் தடிமன் வழியே நிற்பதால், தலை முன்னும் பின்னும் வளைய முயலும்போது அவை பிரிவதில்லை. உரசிச் சறுக்கத்தான் முயல்கின்றன. ஆனால் பழைய காலத்து வச்சிரம், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை, இடைவெளியை நிரப்பாது. சுவர்கள் தாள் நுழையாமல் பொருந்த வேண்டும். வச்சிரமோ சூடாக இருக்கும்வரைதான் ஓடும். ஓரிரு நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும். அதற்குள் இணைப்பை இறக்கிவிட வேண்டும். மியூனிக் நகரின் ஹெர்மன் ஹவுசர், இங்கிலாந்தில் வாழ்ந்த ஸ்பானியரான ஹோசே ரோமனில்லோஸ் போன்ற பெரும் கைவினைஞர்கள் இந்த இணைப்பைக் கையாலேயே வெட்டினார்கள்.

இந்த இணைப்பு ஓர் அடையாளத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. சாக்சனியின் மார்க்நாய்கிர்ஹன் ஊரில் பிறந்த கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் மார்ட்டின், 1833 இல் நியூயார்க்கில் குடியேறிக் கிதார் செய்யத் தொடங்கினார். அக்காலத்து மார்ட்டின் கிதார்களில் தலை தனித் துண்டு. அது கழுத்தோடு சேரும் இடத்தில், பின்புறம் ஒரு வைர வடிவ முண்டு இருக்கும். இணைப்புக்குத் தேவையான மரம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனம் ஒரே மரக் கழுத்துக்கு மாறியது. உழைப்பு மிச்சமாயிற்று. ஆனால் வைர வடிவத்தை மட்டும் விடாமல், சில கிதார்களில் ஒரே மரத்தில் அதை வேலை மெனக்கெட்டுச் செதுக்கி வைத்தார்கள். இணைப்பு போய்விட்டது, அதன் உருவம் இருக்கிறது. அடுத்த முறை அப்படியொரு கிதாரைக் கண்டால் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். மகோகனி நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் என்பதையும் போகிற போக்கில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் பையனிடம் திரும்புவோம். நான் கைவிரித்த பிறகு, அவன் கல்லூரிக்கு மேசை நாற்காலி பழுதுபார்க்க வரும் தச்சரிடம் போயிருக்கிறான். அவர் கிதாரை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். அறுபதைத் தாண்டியவர். “சார், இது ஒடயல, பொளந்திருக்கு. பாருங்க, நாரு ஒண்ணுகூட அறுந்து போகல. விறகு பொளந்த மாதிரி வழுவழுன்னு இருக்கு. ஒட்டினா நிக்கும்” என்றார். நான் அளவுகோலை எடுத்துப் பிளவின் நீளத்தை அளந்தேன். 5.4 செ.மீ. பக்கத்திலிருந்த தாளில் 14 ஐ 15 பாகையின் சைனால் வகுத்தேன். 54 மி.மீ. வந்தது! மரம் தன் நார்ப்போக்கிலேயே பிளந்து, தனக்குத் தானே ஒரு 15 பாகைச் சாய்வு ஒட்டை வெட்டிக்கொண்டிருந்தது. எந்த இழைப்புளியாலும் அப்படிப் பொருந்தும் இரு முகங்களை உண்டாக்க முடியாது. தலைப்பலகையை வெறுமனே பொருத்தினாலே விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் கம்பிகளைக் கழற்றினார். வெள்ளைப் பசையைச் சிறிது வெந்நீரில் இளக்கி, மெல்லிய தூரிகையால் பிளவின் அடி ஆழம்வரை செலுத்தினார். மெழுகுத்தாள் சுற்றி, கட்டைகள் வைத்து, மூன்று கிளாம்புகள் போட்டார். “ரெண்டு நாளைக்குத் தொடக் கூடாது தம்பி” என்று பையனிடம் சொன்னார். மூன்றாம் நாள் கம்பிகளை ஒவ்வொரு சுற்றாக ஏற்றினோம். 70 கிலோகிராம் விசை முழுவதும் ஏறி முடியும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தச்சர் பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார்.

விழாவில் கிதார் ஒலித்தது. ஒட்டிய இடம் இன்றுவரை விடவில்லை என்று பையன் போன ஆண்டு வந்தபோது சொன்னான். ஆனால் நார் இன்னமும் சாய்ந்தேதான் ஓடுகிறது; அடுத்த முறை மல்லாந்து விழுந்தால், பழைய ஒட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளவு வரும். அதனால் அவன் இப்போது அதை நாற்காலியில் சாய்ப்பதில்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டி வைக்கிறானாம்.